மஞ்சள் கோடு போட்ட வரிகள்

டாக்டர் வில்பிரட் ஒரு கையில் முந்திரி மக்ரூனை வைத்துக்கொண்டு மறுகையால் தாள்களைப் புரட்டினார். மக்ரூன் தூள் தாளின் மேல் உதிர்ந்தது. ஊதித் தள்ளினார். அது மேசை விரிப்பில் போய் விழுந்தது.

"இந்த வரியப் பாரு ஜாய். முப்பது வயசுக்குள்ள முதல் பிள்ள பெத்தா மார்புப் புற்று வார ரிஸ்க் குறையுது. லட்சக்கணக்கான பொம்பளைங்கள வச்சுப் பண்ணுன ஸ்டடி. நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லல."

வரியின் மேல் மஞ்சள் மார்க்கரால் பட்டையாகக் கோடு போட்டிருந்தார். ஜாய் எட்டிப் பார்த்தாள். அடுத்த தாளிலும் அதற்கடுத்த தாளிலும் அதே மஞ்சள்.

வில்பிரட் எலும்பு டாக்டர். ஊருக்குள் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். ஜாய்க்கு நிச்சயம் செய்திருந்த ஃபிராங்க்ளினின் தாய்மாமா. பக்கத்தில் ஃபிராங்க்ளினின் அம்மா செல்வராணி, மடியில் கைப்பையை வைத்தபடி, தம்பி பேசுவதைப் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கப்பலில் செகண்ட் ஆபீசராக இருக்கும் ஃபிராங்க்ளின் லீவில் வந்திருந்தான். ஆனால் அன்றைக்கு அவன் வரவில்லை. பெரியவர்கள் பேசட்டும் என்று இருந்துவிட்டானாம்.

"அதனால நாங்க என்ன யோசிச்சோம்னா," என்றார் வில்பிரட், "கல்யாணம் முடிஞ்ச கையோட ஒரு பிள்ள. ரெண்டு வருசம் விட்டு இன்னொண்ணு. ரெண்டுக்கும் நல்லா தாய்ப்பால் குடுக்கணும். அதுக்கும் ஸ்டடி இருக்கு, பின்னால வச்சிருக்கேன். வேலைய விட்டுரணும், லேப்ல மருந்து வாடை எல்லாம் ஆகாது. முப்பத்தஞ்சு வயசுல சினைப்பைய எடுத்துருவோம். அப்படியே மார்பையும் எடுத்துட்டு வேற வச்சுத் தச்சுரலாம். இப்பம்லாம் யாருக்கும் தெரியாது."

மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற குரலில்தான் சொன்னார். 'யாருக்கும் தெரியாது' என்னும்போது மட்டும் அவர் கண் ஜாயின் அம்மா பிளாரன்ஸின் பக்கம் போய், அவளுடைய இடது மார்பு இருந்த இடத்தில் நின்று, திரும்பியது. பிளாரன்ஸ் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் ஜாயின் அப்பா பாஸ்கல். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். எவ்வளவு பெரிய கப்பலையும் அசைத்துவிடுவார். படித்த மனிதர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் தலை தானாக ஆடும்.

ஜாய் தன் தட்டைத் தள்ளிவைத்தாள். தன்னை நடுவில் உட்கார வைத்து, எந்த வருடம் எதைப் போட்டு எதை எடுப்பது என்று பேசுகிறார்கள். அதையும் மக்ரூன் தின்றுகொண்டே.

பிளாரன்ஸுக்கு அந்தச் சீக்கு வந்து போய் ஏழு வருடம் ஆகிறது. ஊருக்கே தெரிந்த விஷயம். பெண் கேட்டு வந்தபோதே பாஸ்கல் உடைத்துச் சொல்லிவிட்டார். "அது கிடக்கட்டும் அண்ணாச்சி, மாதா கொணமாக்கிட்டாவளே," என்று செல்வராணி பெருந்தன்மையாகச் சொன்னாள். நிச்சயம் முடிந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலைக்கும் பேர் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வில்பிரட் மெதுவாக ஆரம்பித்தார். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை. ஜாயின் நல்லதுக்குத்தான். குடும்பத்தில் வருகிற ஜீன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

சென்னையில் இருந்த லேபின் ஆலோசகர் வேல்விழி போனில் முகம் பார்த்துப் பேசினாள். முதலில் நோய் வந்த அம்மாவைப் பரிசோதிக்க வேண்டும், அப்புறம்தான் மகள் என்றாள். இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வந்தபோது, ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதாகவும், அது இருவருக்கும் இருப்பதாகவும், அதன் பொருள் தெளிவில்லை என்றும் இருந்தது.

"எழுத்துப் பிழைன்னு வச்சுக்கங்க," என்று வேல்விழி விளக்கினாள். "சில பிழை அர்த்தத்தையே கெடுத்துடும். சிலது இருக்கிறதே தெரியாது. இது எந்த ரகம்னு இன்னும் முடிவாகல. ஒரு ஆராய்ச்சியில செல்லுல வச்சுப் பாத்துட்டு ஜீன் சரியா வேலை செய்யலன்னு எழுதியிருக்காங்க. இன்னொண்ணுல நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு எழுதியிருக்காங்க."

"அதுல எது மேடம் பொய்?"

"ரெண்டுமே பொய் இல்லம்மா. இந்த மாற்றம் இருக்கிற ஆட்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் கிடைச்சிருக்காங்க. அதனால இத வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. அம்மாவுக்கு வந்திருக்கிறதால, அதுக்கான கவனத்தோட இருங்க. அவங்களுக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஸ்கேன் ஆரம்பிக்கணும். அவ்வளவுதான்."

வில்பிரட் கொண்டுவந்த தாள் கட்டுக்குள் முதல் ஆராய்ச்சி இருந்தது. இரண்டாவது இல்லை.

"அங்கிள், இன்னொரு லேப்ல வேற மாதிரி வந்திருக்குன்னு சொன்னாவளே?" என்று ஜாய் கேட்டாள்.

வில்பிரட் சிரித்தார். "நீ மீனு டெஸ்ட் பண்ணுத பிள்ள. இது மனுசன் விசயம். அதெல்லாம் சின்ன ஸ்டடி, கணக்குல எடுக்கக் கூடாது." கடைசி மக்ரூனையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தாள்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஜாய் மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் லேபில் இருந்தாள். இறாலில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இங்கே பார்த்தால் இல்லை என்று வரும், வாங்குகிறவன் நாட்டில் பார்த்தால் இருக்கிறது என்று வரும். அப்படி வந்தால் சரக்கைக் குளிர்சாதனக் கிட்டங்கியில் நிறுத்திவைத்துவிட்டு மூன்றாவது இடத்துக்கு அனுப்ப வேண்டும். மேனேஜர் மட்டும் ஒவ்வொரு முறையும் வந்து, "நமக்குச் சாதகமா எது வந்திருக்கோ அத ஃபைல்ல வை," என்பார். நாலு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் வில்பிரட்டின் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். பிள்ளை பெற்றால் அபாயம் குறையும் என்ற வரி உண்மைதான். ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. மஞ்சள் கோடு பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. கோடு போடாத மீதியில், அந்தக் குறைவு பல வருடம் கழித்துத்தான் தெரியும் என்றும், பிரசவத்துக்குப் பிந்தைய வருடங்களில் அபாயம் சற்றுக் கூடவே செய்கிறது என்றும் இருந்தது. கீழே இன்னொரு பத்தியில், குடும்பத்தில் ஜீன் கோளாறு உள்ள பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவர்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது என்று எழுதியிருந்தது.

அவள் திரும்பத் திரும்ப அந்த மஞ்சள் நின்ற இடத்தையே பார்த்தாள். தெரியாமல் விட்டதில்லை. ஒரு காற்புள்ளிக்கு முன்னால் மார்க்கரைத் தூக்க வேண்டுமென்றால், காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் படித்திருக்க வேண்டும். சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

ஃபிராங்க்ளினும் சும்மா இருக்கவில்லை. போனில் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தான். சோயா சாப்பிட்டால் வரும் என்று ஒன்று. சோயா சாப்பிட்டால் வராது என்று மறுநாள் ஒன்று. இரவு வேலை பார்த்தால், அக்குளில் சென்ட் அடித்தால், இறுக்கமாக உள்ளாடை போட்டால். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிவப்பு இதயம். எதையும் அவன் திறந்து படித்ததாகத் தெரியவில்லை.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதான் வலித்தது. கப்பலில் சமையல்காரன் செய்யும் சாம்பாரைப் பற்றி அவன் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வாரம் முத்துநகர் கடற்கரையில் அவனைப் பார்த்தபோது தாள்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோளக்கதிரைக் கடித்தபடி கேட்டான்.

"மாமா நம்ம நல்லதுக்குத்தான சொல்லுதாவ ஜாய்."

"கோடு எங்க நிக்கின்னு பாத்தியளா?"

"எந்த ஸ்டடி சரி, எது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கப்பக்காரன். பிள்ள எப்படியும் பெறத்தான போறோம். கொஞ்சம் முன்னாடி பெத்தா என்ன? அம்மா நிம்மதியா இருப்பாவ."

"சினைப்பைய எடுக்கணும்னு சொன்னாவளே. அது?"

"அது அப்பம் பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். பார்வை முகத்திலிருந்து கீழே இறங்கி மார்பில் நின்றது. முன்பும் அவன் அப்படிப் பார்த்ததுண்டு. அப்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமும் சந்தோஷமும் சேர்ந்து வரும். இப்போது அந்தப் பார்வையில் ஆசை இல்லை. தகட்டில் எங்கே துரு ஏறியிருக்கிறது என்று தேடுகிற கப்பல் அதிகாரியின் பார்வையாக இருந்தது. ஜாய் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அம்மா முந்தானையை இழுத்தது அவளுக்கு நினைவு வந்தது. வீடு வரைக்கும் உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல் இருந்தது.

குசினியில் பிளாரன்ஸ் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டபடியே செதில் சுரண்டினாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன் மக்ளே. அப்பாட்ட சொல்லிராத. ஃபிராங்க்ளினோட அத்தை ஒருத்தி இருந்தா, அவன் அப்பாவோட கூடப்பொறந்தவ. இஞ்ஞாசின்னு பேரு. கட்டிக்குடுக்கல, அந்த வீட்டுலதான் இருந்தா. ஆறு வருசத்துக்கு முந்திச் செத்துப்போனா."

"மஞ்சக் காமாலைன்னு சொன்னாவளே?"

"ஊருக்கு அப்படித்தான் சொன்னாவ. மதுரையில எனக்கு மருந்து ஏத்துன ஹால்ல எதுத்த கட்டிலு அவளுக்கு. எனக்கு எடது, அவளுக்கு வலது. 'ஏளா பிளாரன்ஸு, நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழுப் பொம்பள' அப்படின்னு சொல்லிச் சிரிப்பா. அந்தச் சிரிப்பு சிரிச்சவ, ஒரு நா எங் கையப் புடிச்சிட்டு, 'நான் இங்க கிடந்தத ஊருல சொல்லிராத'ன்னு அழுதா. வீட்டுல வயசுக்கு வந்த பிள்ள இருக்கு, அவன் தங்கச்சி விஜிலாவுக்கு மாப்ள வரணும், வெளிய தெரியக் கூடாதுன்னு செல்வராணி சொல்லி அனுப்பிருக்கா."

"டாக்டருக்கு?"

"அவருதான மதுரைக்குக் கூட்டியாந்தாரு."

ஜாய்க்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள். "ஃபிராங்க்ளினுக்குத் தெரியுமா?"

பிளாரன்ஸ் மீன் சட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "அவளுக்கு ரத்தம் குடுக்க வந்தானே."

ஜாய் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது கோபம். நாளைக்கே போய், அவர்கள் நடுவீட்டில் நின்று, இஞ்ஞாசியின் பெயரைச் சொல்லி வில்பிரட்டின் முகத்தில் எறிய வேண்டும். எப்படி எறிவது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டாள். யோசிக்கும்போதே வாயில் புளிப்பு ஏறியது. தன் உடம்பை அவர்கள் மேசை மேல் போட்டுப் பேசியதுபோலத்தானே, செத்துப்போன ஒருத்தியின் உடம்பை இவள் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள்?

"நான் அதச் சொல்ல மாட்டேம்மா," என்றாள். "அவிய வாயாலயே சொல்லட்டும். கேட்டு மட்டும் பாக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் செல்வராணி வீட்டுக்குப் போனார்கள். மண்டபம், பந்தி என்று பேச்சு ஆரம்பித்தது. சுவரில் இஞ்ஞாசியின் படம் மாட்டியிருந்தது. கீழே சின்ன பல்பு எரிந்தது. ஃபிராங்க்ளினின் தங்கை விஜிலா எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தாள். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண். அண்ணன் கட்டப்போகிறவள் என்ற உரிமையில் ஜாயைப் பார்த்து, "மைனி, ஐஸ் போடவா?" என்று கேட்டாள்.

வில்பிரட் மறுபடியும் ரிஸ்க் என்று தொடங்கியதும் ஜாய் குறுக்கே பேசினாள்.

"அங்கிள், சென்னை மேடம் ஒண்ணு சொன்னாவ. இந்த ஜீனு அம்மா வழியும் வரும், அப்பா வழியும் வரும், ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லன்னு. அப்பம் நாங்களும் கேக்கணும்லா. உங்க பக்கத்துல யாருக்கும் இந்தச் சீக்கு இருந்திருக்கா?"

செல்வராணி ஜூஸ் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சீச்சீ!" என்றாள் செல்வராணி. "எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கெடயாது."

"ஆம்பளப் பக்கம் பாக்க வேண்டிய அவசியமே இல்லம்மா," என்றார் வில்பிரட். "அந்த ஸ்டடியெல்லாம் வெள்ளக்காரங்கள வச்சுப் பண்ணுனது. நமக்குப் பொருந்தாது."

பிள்ளை பெறும் ஸ்டடி எந்த ஊர்க்காரர்களை வைத்துப் பண்ணியது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பதைக் கண்டு விஜிலாதான் சொன்னாள்: "அது எங்க அத்தை மைனி. மஞ்சக் காமாலையில போயிட்டாவ. உங்கள மாதிரியே நல்லாச் சிரிப்பாவ."

அந்தப் பிள்ளையின் முகத்தில் கள்ளம் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது என்பது ஜாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

ஃபிராங்க்ளினைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுல யாருக்கும் இருந்ததில்லியா?"

அவனுக்கு நேரம் கொடுத்தாள். அவன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு கையில் இருந்த போனைத் தடவினான்.

"இல்ல," என்றான்.

"பாத்தியா?" வில்பிரட் கைகளை விரித்தார். "நம்ம பக்கம் சுத்தமான ரத்தம். அதனாலதான் உங்க பக்கத்து ரிஸ்க்கையும் நாங்க தாங்கிக்கிடலாம்னு துணிஞ்சோம். வேற யாரும் துணிய மாட்டாவ, அண்ணாச்சி."

பாஸ்கலின் தலை ஆடப்போய் பாதியில் நின்றது.

ஜாய் மோதிரத்தைக் கழற்றினாள். வேர்வையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஜூஸ் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அத்தை, இந்தக் கல்யாணம் வேண்டாம். எனக்குள்ள இருக்கது என்னன்னு யாருக்கும் தெரியல. அதோட நான் இருந்துக்கிடுவேன். தெரிஞ்சதையே இல்லன்னு சொல்லுதவியகூட என்னால இருக்க முடியாது."

செல்வராணியின் கண் சட்டென்று பிளாரன்ஸிடம் போனது. பிளாரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு இதெல்லாம் என்று புரியாமல் விஜிலா தட்டோடு நின்றாள். வெளியே வந்து ஜாய் செருப்பை மாட்டினாள். தெருக்குழாயில் வாய் கொப்பளித்துத் துப்பினாள். அந்த வீட்டு ஜூஸின் இனிப்பு போகவே மாட்டேன் என்றது.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. ஊர் விடுமா? மாப்பிள்ளை வீட்டார்தான் வேண்டாம் என்று சொன்னதாகப் பேச்சு பரவியது. பெண்ணுக்கு ஜீன் கெட்டுப்போயிருக்கிறதாம், டாக்டரே பேப்பரில் காட்டினாராம். திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போன பிளாரன்ஸிடம் தெரிந்த பெண் ஒருத்தி, "ஒரே தம்ளருல தண்ணி குடிச்சா ஒட்டுமாக்கா?" என்று கேட்டாள். பாஸ்கல் மகளோடு பேசுவதை நிறுத்தினார். படித்த மனிதரை அவமானப்படுத்திவிட்டாள் என்று அவருக்கு ஆறவில்லை. ஃபிராங்க்ளின் கப்பலேறிவிட்டான். ஏறுவதற்கு முன் ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: "நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்." கீழே இதயம் இல்லை.

அக்டோபரில் பங்கு மண்டபத்தில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. சட்டையில் ரோஸ் கலர் ரிப்பன் குத்திக்கொண்டு வில்பிரட் பேசினார். பாஸ்கல் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பெறுவது, பால் கொடுப்பது எல்லாம் சொல்லிவிட்டு, "நமக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்திலேயே பாருங்க, தாய்க்கு வந்துச்சு, மக ரத்தத்துலயும் இருக்கு, ஆனா டாக்டர் பேச்சக் கேக்க மாட்டேன்னுட்டாவ," என்றாராம். பேர் சொல்லவில்லை. மண்டபமே திரும்பி பாஸ்கலைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாரன்ஸ் சோறு வைத்தாள். கை வைக்கவில்லை.

"கூசாம நிக்கான்," என்றார். "மைக்கப் புடிச்சிட்டு, கூசாம நிக்கான்ளா." பிறகு ஜாயைப் பார்த்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் முன்பு, வேலை முடிந்து கம்பெனி கேட்டை விட்டு ஜாய் வெளியே வந்தபோது விஜிலா நின்றிருந்தாள். முகம் வாடியிருந்தது.

"மைனின்னு கூப்புடலாமான்னு தெரியல," என்றாள்.

"கூப்புடு. என்ன விசயம்?"

சாலையோரம் வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். மார்பில் ஒரு கட்டி. அம்மாவிடம் சொன்னதற்கு, சூடு, நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, யாரிடமும் மூச்சு விடாதே என்றாளாம். ஜனவரியில் பெண் பார்க்க வருகிறார்கள். மாமாவிடம் கேட்டதற்கு அவர் ஒரு பேப்பரைக் காட்டினாராம். முப்பது வயதுக்குக் கீழே புற்று வருவது ரொம்ப அபூர்வம் என்று அதில் எழுதியிருந்ததாம்.

"மஞ்சக் கோடு போட்டிருந்துச்சா?" என்று ஜாய் கேட்டாள்.

"ஆமா. எப்படித் தெரியும்?"

ஜாய் அவள் கையைப் பிடித்தாள். வில்பிரட்டுக்குச் சொந்த அக்காள் மகள், தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்கும் அதே மார்க்கர். ஊரார் பெண்ணுக்கு ஒரு சின்ன எழுத்து மாறினால் மார்பையே வெட்டச் சொன்ன வாய், வீட்டுப் பெண்ணுக்குக் கட்டியே வந்தாலும் அபூர்வம் என்று தள்ளிவிடுகிறது.

விஜிலாவை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பிளாரன்ஸ் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். வெகு நேரம் அதன் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு அவளைத் தடுப்பது ஜாய்க்குத் தெரிந்தது.

"அவ எங்கிட்ட ஊருல சொல்லாதன்னுதான் சொன்னா," என்றாள் பிளாரன்ஸ் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. "உங்கிட்ட சொல்லாதன்னு சொல்லல. மக்ளே, உங்க அத்தைக்கு மஞ்சக் காமாலை இல்ல."

விஜிலா முழுவதையும் கேட்டாள். அழவில்லை. "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றதும் எழுந்து பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். பிளாரன்ஸ் போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

மறு வாரம் மூன்று பேருமாகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் இளவயதுக்காரி. கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடும்பத்துல யாருக்காவது மார்புப் புற்று இருந்திருக்கா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கு," என்றாள் விஜிலா. "எங்க அப்பா கூடப்பொறந்த அத்தைக்கு. அதுலதான் செத்தாவ." குரல் கணீரென்று வந்தது. டாக்டர் எழுதிக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்தார்கள். முடிவு வாங்க மறுபடியும் ஒருநாள் போனார்கள். கெட்ட கட்டி இல்லை. சின்ன வயதுப் பெண்களுக்கு வழக்கமாக வருகிற நார்க்கட்டி. ஆனால் அத்தைக்கு இருந்ததால் வருடா வருடம் வந்து காட்ட வேண்டும், முடிந்தால் ஜீன் பரிசோதனையும் எடுக்கலாம் என்றாள் டாக்டர்.

"எங்களுக்கு எடுத்ததுல அர்த்தம் தெரியலன்னு வந்திருக்கு மேடம்," என்றாள் ஜாய். "ஒருத்தர் கெட்டதுங்காவ, ஒருத்தர் இல்லங்காவ."

"இருக்கலாம்மா. நாளைக்கே மாறலாம். தெரியாதுன்னா தெரியாதுன்னுதான் நாங்க சொல்லணும்." அதைச் சொல்ல அந்த டாக்டருக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. ஜாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு லேசான ஒரு வார்த்தை ஏன் அந்த மனிதர் வாயில் வரவில்லை?

திரும்பி வரும்போது பஸ் வல்லநாடு தாண்டியதும் விஜிலாவின் போன் அடித்தது. செல்வராணி. ஆஸ்பத்திரிக்குப் போன விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. பஸ் இரைச்சலில் விஜிலா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, கெட்ட கட்டி இல்லியாம்மா."

"அது கெடக்கட்டும்ளா," என்றது அந்தக் குரல், அவசரமாக, தணிவாக. "அங்கன நம்ம ஊரு ஆளுவ யாரும் இருந்தாவளா? யாரும் ஒன்னப் பாத்தாவளா?"

விஜிலா போனைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தாள், ஏதோ அழுகிய பொருள் கையில் ஒட்டிக்கொண்டதுபோல.

பிளாரன்ஸ் அதை வாங்கிக்கொண்டாள்.

"நான் பாத்தேன் செல்வராணி," என்றாள்.

கண்டக்டர் அடுத்த நிறுத்தத்துக்கு விசில் ஊதினான்.